எழுத்துக் கூட்டுறதுல இருந்து கதை படிக்கிறது வரைக்கும்: வீட்டுக்கும் வகுப்பறைக்கும் ஒரு முழு வழிகாட்டி

ஒண்ணாப்பு புள்ளைய சாயங்காலம் ஸ்லேட்டோட உக்கார வச்சு அம்மா அ, ஆ, இ, ஈ எழுத வைக்கிறாங்க. காலைல டீச்சர் அதையே போர்டுல எழுதி கோரஸா சொல்ல வைக்கிறாங்க, ஹோம்வொர்க்குனு அதையே பத்து தடவ எழுதிட்டு வரச் சொல்றாங்க. இப்படியே ரெண்டு வருஷம் ஓடிப்போய் புள்ளை மூணாப்பு வந்துடுது, ஆனா ஒரு சின்ன பத்திய குடுத்தா தட்டுத் தடுமாறி கூட்டுது, முடிச்சதும் "என்ன கதை?"ன்னு கேட்டா முழிக்குது. இதுல புள்ளை மக்கும் இல்ல, அம்மாவும் டீச்சரும் சோம்பேறியும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே வேலைய பண்ணிட்டு, இன்னொரு வேலைய யாருமே கையில எடுக்காம விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

நிலைமை எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்க, கிராமத்துல வீடு வீடா போய் புள்ளைங்க படிக்கிறத சோதிச்சுப் பாக்கற ஏசர் அறிக்கைய பாருங்க. தமிழ்நாட்டு கிராமப்புறத்துல மூணாம் வகுப்பு புள்ளைங்கள்ல ரெண்டாம் வகுப்பு பாடத்த படிக்க முடிஞ்சவங்க 2018-ல 10.2 சதவீதம், கொரோனா ஊரடங்குக்கு அப்புறம் 2022-ல 4.8 சதவீதம். கொரோனா இன்னும் கீழ தள்ளுச்சுன்னாலும், அதுக்கு முன்னாடியே பத்துல ஒண்ணுதான் படிச்சுதுங்கறத மறக்கக் கூடாது.

இந்த வழிகாட்டி ரெண்டு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும், தமிழ் வாசிப்புக்கு. யார் எதைப் பண்ணணும்னு பிரிச்சு சொல்றேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

1986-ல காஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வாசிப்ப ரொம்ப எளிமையா சொன்னாங்க: எழுத்த ஒலியா மாத்துற திறமை, காதுல கேட்டா புரிஞ்சுக்கற திறமை, இந்த ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் வாசிப்பு. கூட்டல் இல்ல, பெருக்கல். அதாவது ஒண்ணு பூஜ்யம்னா மொத்தமும் பூஜ்யம். எழுத்தெல்லாம் தெரியும் ஆனா அந்த சொல்லையே வாழ்க்கைல கேட்டதில்லைன்னா படிச்சும் பிரயோஜனம் இல்ல, நிறைய கதை தெரியும் ஆனா எழுத்து தெரியலைன்னாலும் அதே கதி.

2002-ல செனஷால், லெஃபெவர்னு ரெண்டு பேர் கனடாவுல 168 குழந்தைங்கள அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. வீட்டுல கதைப்புத்தகம் படிச்சுக் காட்டின குழந்தைங்களுக்கு சொல்வளமும் கேட்டுப் புரிஞ்சுக்கறதும் நல்லா வளந்துச்சு, வீட்டுல உக்காந்து எழுத்து சொல்லிக்குடுத்தவங்களுக்கு ஆரம்ப எழுத்தறிவு நல்லா இருந்துச்சு. ஆனா ஒண்ணு பண்ணா இன்னொண்ணு தானா வந்துடல. நம்ம ஊர்ல வீட்டுலயும் எழுத்து, ஸ்கூல்லயும் எழுத்து, டியூஷன்லயும் எழுத்து. காதுக்கு யாரு போடுறது?

அதனால என் கணக்கு இதுதான்: காது வீட்டோட பொறுப்பு, எழுத்து வகுப்போட பொறுப்பு. ஒருத்தர் இன்னொருத்தருக்கு கை குடுக்கலாம், ஆனா சொந்த வேலைய விட்டுட்டு இல்ல.

படி 1: பேசுங்க, ஆனா கட்டளையா மட்டும் பேசாதீங்க

ஒரு நாள் புள்ளைக்கிட்ட நீங்க பேசுறத கவனிச்சுப் பாருங்க. "வா, சாப்பிடு, எறங்கு, ஓடாத, பல்லு வெளக்கு, தூங்கு." இதுல புதுச்சொல் எங்க இருக்கு? சமைக்கும்போது பக்கத்துல உக்கார வச்சு "இந்த வெண்டைக்கா முத்திப்போச்சு பாரு, ஒடிச்சா ஒடியல, பிஞ்சா இருந்தா பட்டுனு ஒடியும்"னு சொன்னீங்கன்னா முத்தல், பிஞ்சு, ஒடியறது மூணும் காதுல ஏறிடும். நாளைக்கு புத்தகத்துல "பிஞ்சு"ன்னு பாக்கும்போது அது தெரிஞ்ச ஆளு.

விடுகதை, "நிலா நிலா ஓடி வா", கை தட்டிப் பாடுற பாட்டு, நாக்கு சுத்துற "கடல் ஓரம் உரல் உருளுது" மாதிரி வெளையாட்டு, இதெல்லாம் பொழுதுபோக்குனு நெனைக்காதீங்க. சொல்லுக்குள்ள ஒலி ஒலியா பிரிக்கிற காது இதுலதான் வளருது. எழுத்து தெரியறதுக்கு முன்னாடியே "பல், கல், சொல், இதுல கடைசில என்ன சத்தம்?"னு கேட்டு வெளையாடலாம், நாலு வயசுல பல புள்ளைங்க டக்குனு புடிச்சுக்கும்.

படி 2: படிச்சுக் காட்டுங்க, நடுநடுல நிறுத்துங்க

தினமும் பத்து நிமிஷம் போதும். ஆனா எப்படி படிக்கிறோம்ங்கறதுலதான் விஷயம் இருக்கு. 1988-ல வைட்ஹர்ஸ்ட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு ரெண்டு வயசுக் குழந்தைங்களோட பெற்றோருக்கு ஒரு சின்னப் பயிற்சி குடுத்தாங்க: நீங்க படிச்சுக்கிட்டே போகாதீங்க, கேள்வி கேட்டு குழந்தைய பேச வைங்க, அது சொன்னத கொஞ்சம் நீட்டி திருப்பிச் சொல்லுங்கன்னு. சில வாரம்தான் பண்ணாங்க, பேச்சுல வந்த முன்னேற்றம் பல மாசம் கழிச்சும் தெரிஞ்சுச்சு.

நம்ம வீட்டுல இது எப்படி இருக்கும்னா, படத்துல ஒரு ஆடு கொடில காயப்போட்ட துணிய மேயுதுன்னு வச்சுக்குங்க.

"ஆடு என்ன பண்ணுது?"
"திங்குது."
"என்னத்த திங்குது?"
"சட்டை!"
"ஆமா, கொடில காயப்போட்ட சட்டைய திங்குது. யாரு சட்டையா இருக்கும்?"
"தாத்தாது."
"அச்சச்சோ, தாத்தா பாத்தா என்ன சொல்லுவாரு?"

இங்க அம்மா "கொடி", "காயப்போட்ட"ன்னு ரெண்டு சொல்ல நைசா உள்ள நுழைச்சுட்டாங்க, புள்ளை ஒரு சொல்லா பேசுனத முழு வாக்கியமா ஆக்கிட்டாங்க, கடைசில புத்தகத்துலயே இல்லாத ஒண்ண யோசிக்க வச்சுட்டாங்க. "இது என்ன கலர்? இது எத்தன?"ன்னு பரீட்சை மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தா அடுத்த நாள் புள்ளை புத்தகத்த பாத்தாலே எந்திரிச்சு ஓடிடும். ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும்.

அதே கதையவே திரும்பத் திரும்ப கேக்கும், உங்களுக்கு வெறுத்துப்போகும், பரவால்ல படிங்க. நாலாவது தடவ நீங்க பாதில நிறுத்துனா மீதிய அதுவே சொல்லும் பாருங்க, அங்கதான் புத்தக வாக்கியம் அதோட வாய்க்கு வருது.

விரல வரிக்கு கீழ ஓட்டிக்கிட்டே படிக்கறதும் நல்ல பழக்கம். இடப்பக்கம் ஆரம்பிச்சு வலப்பக்கம் போகுது, இடைவெளி விட்டா அடுத்த சொல்லு, படம் கதை சொல்லாது எழுத்துதான் சொல்லுதுன்னு யாரும் பாடம் எடுக்காமலே புரிஞ்சுடும்.

படி 3: புத்தகத் தமிழ முன்னாடியே பழக்குங்க

இத பத்தி நம்ம ஊர்ல போதுமான அளவுக்கு யாரும் பேசறதே இல்லங்கறது என் கோவம். வீட்டுல "பாட்டி சந்தைக்கு போனாங்க"ன்னு பேசுற புள்ளை பாடப்புத்தகத்த தொறந்தா "பாட்டி சந்தைக்குச் சென்றார்"னு இருக்கு. "வந்துட்டாங்க" அங்க "வந்துவிட்டார்கள்". நமக்கு ரெண்டும் ஒண்ணு, அஞ்சு வயசுக்கு அது பாதி வேத்து மொழி. எழுத்தையும் புதுசா கத்துக்கிட்டு, அந்த எழுத்துல இருக்கற பாஷையும் புதுசுன்னா ரெண்டு சுமை.

இத வீட்டுலயே எறக்கி வைக்கலாம். கதை படிக்கும்போது புத்தகத்துல இருக்கறத அப்படியே படிங்க, ஒடனே நம்ம பேச்சுல ஒரு தடவ சொல்லுங்க. "முயல் வேகமாக ஓடியது. முயலு வேகமா ஓடுச்சாம்." விளக்கம் வேணாம், ரெண்டையும் காதுல போட்டா போதும். சின்னக் குழந்தைங்களுக்குன்னே பேச்சு வழக்குல எழுதுன படக்கதைகளும் இப்ப வருது, அதையும் கலந்து குடுங்க.

டீச்சர்களுக்கு ஒண்ணு. புள்ளை "சென்றார்"னு அச்சடிச்சிருக்கறத பாத்துட்டு "போனாங்க"ன்னு படிச்சா திட்டாதீங்க. அது எழுத்த படிச்சு, அர்த்தத்த புடிச்சு, தன்னோட பேச்சுக்கு மாத்தி சொல்லுது, புரியாம ஒப்பிக்கிற புள்ளைய விட இது எவ்வளவோ மேல. "கரெக்ட், அதேதான், ஆனா இங்க எப்படி எழுதியிருக்காங்க பாரு"ன்னு விரல வச்சு காட்டுனா போதும்.

படி 4: வீடு பூரா எழுத்து

இதுக்கு காசே வேணாம். நாள்காட்டிய தெனமும் புள்ளைய கிழிக்க விட்டு கிழமைய படிக்க சொல்லுங்க, மளிகை லிஸ்ட்ட அது கண்ணு முன்னாடி எழுதுங்க, பஸ் போர்டு, பால் பாக்கெட், கல்யாணப் பத்திரிகைல தன் வீட்டுப் பேர தேடுறது. எல்லாப் புள்ளையும் முதல்ல படிக்க ஆசப்படுற சொல் தன் பேருதான். அத பெருசா எழுதி அது பை வைக்கிற இடத்துல ஒட்டுங்க.

தாத்தா காலத்து புத்தகம் வீட்டுல இருந்தா ஒரு எச்சரிக்கை: 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி அச்சானதுல ணை, லை, னை, றா மாதிரி சில எழுத்து வேற வடிவத்துல இருக்கும். படிக்க ஆரம்பிக்கிற புள்ளை கையில அத குடுக்காதீங்க, தாத்தாவே படிச்சுக் காட்டட்டும்.

படி 5: எழுத்து, இது வகுப்போட வேலை

இப்ப டீச்சர் பக்கம் வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்த நம்பர பாத்து பயந்துதான் எல்லாரும் சார்ட்ட மாட்டி ராகம் போட்டு சொல்ல வைக்கிறாங்க. "க, கா, கி, கீ"ன்னு பாட்டு மாதிரி ஓடும், ஆனா நடுவுல இருக்கற "கூ"வ மட்டும் தொட்டு இது என்னன்னு கேட்டுப் பாருங்க, புள்ளை மொதல்ல இருந்து மனசுக்குள்ள பாடிக்கிட்டே வந்து அங்க நிக்கும். அதுக்கு பாட்டு தெரியுது, எழுத்து தெரியல.

உண்மையில 247 வடிவத்த மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, எழுத்தோட ஒட்டிக்கிற கால், கொம்பு மாதிரி குறிய புரிஞ்சுக்கிட்டா பாதி வேல முடிஞ்சுது. எளிமையான வடிவத்துல இருந்து ஆரம்பிங்க, ட, ப, ம மூணு வந்ததும் "படம்", "பட்டம்", "மடம்"னு சொல்லு சேர்ந்துடும், முதல் வாரத்துலயே புள்ளை "நான் படிச்சேன்"னு வீட்டுக்கு போய் சொல்லும். படிக்காத பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்துல "பட்டா"ன்ற சொல்ல வச்சு ஆரம்பிச்சாங்க, எழுத்தும் லேசு, சொல்லும் அவங்க வாழ்க்கைல இருக்கறது. அகர வரிசை வேணாம்னு சொல்லல, அது பின்னாடி அகராதி பாக்கறதுக்கு வேணும், ஆனா படிக்க ஆரம்பிக்கறதுக்கு அதுல இருந்துதான் தொடங்கணும்னு சட்டம் இல்ல.

எங்க சிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குங்க. கால் குறிக்கும் (ா) ர எழுத்துக்கும் புள்ளை கண்ணுல வித்தியாசமே இல்ல. அதோட "கெ"ல குறி முன்னாடி நிக்குது ஆனா சத்தம் பின்னாடி வருது. இந்த ரெண்டும் சேந்து "கொக்கு"ல வந்து நிக்கும், புள்ளை அத "கெரக்கு"ன்னு படிக்கும். இது கவனக்குறைவு இல்ல, பாத்தத சரியா வரிசையாத்தான் படிச்சிருக்கு. "இந்த ரெண்டும் க-வ கட்டிப்புடிச்சுக்கிட்டு இருக்கு, மூணும் சேந்து ஒரே எழுத்து"ன்னு மூணையும் ஒரே வட்டத்துக்குள்ள போட்டுக் காட்டுங்க, தனி அட்டையா வெட்டிக் குடுத்து சேத்து வைக்கச் சொல்லுங்க. அடுத்தது உகரம். கு, சு, டு, து, பு, ரு எல்லாத்துலயும் குறி வேற வேற மாதிரி வளையுது, இங்க விதி கைகொடுக்காது, கூடுதல் நாள் ஒதுக்கித்தான் ஆகணும். அப்புறம் ன-ண-ந, ல-ள-ழ, ர-ற. இதுல ஒண்ணு நல்லா உறைக்கறதுக்கு முன்னாடி அதோட ஜோடிய கொண்டு வந்து பக்கத்துல வைக்காதீங்க.

இன்னொரு சிக்கல், நம்ம எழுத்துல "க" ஒண்ணுதான், ஆனா "கடல்"ல ஒரு சத்தம், "பகல்"ல ஒரு சத்தம், "தங்கம்"ல ஒரு சத்தம். புள்ளை "பக்கல்"னு கூட்டி நிறுத்துனா, "கேட்ட சொல்லு மாதிரி இருக்கா? கொஞ்சம் மாத்தி சொல்லிப் பாரு"ன்னு விடுங்க. "பகல்"ங்கற சொல் காதுல ஏற்கனவே இருக்கற புள்ளை ஒரு செகண்டுல சரி பண்ணிக்கும், இல்லாத புள்ளை அங்கயே நிக்கும். வீட்டுல போட்ட பேச்சு இங்கதான் வகுப்புல வேலை செய்யுது.

எவ்வளவு நாள் ஆகும்னு அவசரப்படாதீங்க. சோனாலி நாக்ங்கற ஆராய்ச்சியாளர் கன்னடத்துல பண்ண ஆய்வுல, நம்ம மாதிரி உயிர்மெய் எழுத்துமுறைய முழுசா கத்துக்க நாலாம் வகுப்பு வரைக்கும் கூட இழுக்கும்னு தெரிய வந்துச்சு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துனு எல்கேஜில முடிக்கிற மாதிரி இதையும் யுகேஜிக்குள்ள முடிச்சாகணும்னு பிரைவேட் ஸ்கூல்ல புடிக்கிற அடம் எனக்கு புரியவே இல்ல. வீட்டுல இருக்கறவங்க இந்த விஷயத்துல பண்ண வேண்டியது கொஞ்சம்தான்: இந்த வாரம் வகுப்புல என்ன எழுத்துனு கேட்டு அத பேப்பர்ல, கடை போர்டுல தேடி வட்டம் போட வைங்க. பத்து தடவ எழுதறத விட இது மேல்.

படி 6: வகுப்பறை சுவரும் பூட்டுன பீரோவும்

நிறைய ஸ்கூல்ல சுவர் பூரா எழுத்து இருக்கு, ஆனா ஆறடி உயரத்துல, பெயிண்ட்ல, நாலு வருஷமா அதேதான். புள்ளை கண்ணு மட்டம் எங்க இருக்குன்னு முட்டி போட்டு பாத்துட்டு அங்க ஒட்டுங்க. புள்ளைங்க சொன்ன வாக்கியத்தயே எழுதி ஒட்டுங்க, "கவின் வீட்டுல நாய் குட்டி போட்டுச்சு"ன்னு ஒட்டுனா மொத்த வகுப்பும் ஓடி வந்து படிக்கும். மாசம் ஒரு தடவ மாத்துங்க.

புத்தகம் பீரோவுல பூட்டி இருந்தா அது ஸ்டாக் ரெஜிஸ்டர்லதான் இருக்கு, வகுப்புல இல்ல. கிழிஞ்சா ஆடிட்ல கேப்பாங்கங்கற பயம் டீச்சர்களுக்கு இருக்கறது நிஜம், அத தலைமை ஆசிரியர்தான் வாய்விட்டு "கிழியட்டும்"னு சொல்லணும். ஒரு கயிறு கட்டி கிளிப் போட்டு அட்டை தெரியற மாதிரி தொங்கவிடுங்க, முதுகு மட்டும் தெரியற மாதிரி அடுக்குனா சின்னப் புள்ளைக்கு எந்தக் கதைன்னு எப்படி தெரியும்? 1980கள் தொடக்கத்துல ஃபிஜி தீவுகள்ல எல்லி, மங்குபாய்னு ரெண்டு பேர் புத்தகமே இல்லாத கிராமப் பள்ளிகளுக்கு வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகம் குடுத்துப் பாத்தாங்க, அந்தப் புள்ளைங்களுக்கு ஆங்கிலம் ரெண்டாவது மொழி. எட்டு மாசத்துல வாசிப்பு முன்னேற்றம் வழக்கத்த விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருந்துச்சு.

இங்க அரசும் சும்மா இல்ல. பள்ளிக்கல்வித் துறையோட வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு நிலைல சின்னச் சின்ன புத்தகம் போட்டிருக்காங்க, சிறுசா இருக்கறதால "முடிச்சுட்டேன்"ங்கற சந்தோஷம் ஒடனே கெடைக்கும். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க்கதைங்க இலவசம், தூலிகா பதிப்பகத்துல தமிழ்-ஆங்கிலம் ரெண்டும் சேந்த புத்தகம் வருது, பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ரன்ங்கற குழந்தைப் புத்தக வரிசைல விலை கம்மி. சென்னைல அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைல கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் குழந்தைங்களுக்கு தனிப் பிரிவு இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க.

படி 7: ஒரே வகுப்பு, மூணு நிலை

30 புள்ளைங்கள்ல பத்து பேரு எழுத்துலயே நிப்பாங்க, பத்து பேரு சொல்லு கூட்டுவாங்க, மிச்ச பேரு வாக்கியம் படிப்பாங்க. எல்லாருக்கும் ஒரே பக்கத்த நடத்துனா ரெண்டு குரூப்புக்கு அந்த பீரியட் வேஸ்ட். 2022 ஜூன்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துல புள்ளைங்கள நிலைக்கு தகுந்த மாதிரி அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சது இதுக்குத்தான். யோசனை நல்லது. ஆனா பிரிச்ச குரூப் வருஷம் பூரா அப்படியே கெடந்தா "நான் அரும்பு"ங்கறது புள்ளைக்கு பட்டப்பேரு ஆயிடும், அதனால ஆறு வாரத்துக்கு ஒரு தடவ திரும்பப் பாத்து மாத்துங்க. எழுத்து, வாசிப்புக்கு மட்டும் நிலை பிரிச்சு உக்கார வைங்க, கதை கேக்கும்போதும் பாட்டுக்கும் எல்லாரும் கலந்து உக்காரட்டும், எழுத்து தெரியாத புள்ளைதான் சில சமயம் கதைக்கு அருமையா பதில் சொல்லும்.

படி 8: வீட்டுலயே ஒரு சின்ன சோதனை

ஏசர் பயன்படுத்துற முறையே ரொம்ப எளிசு, எழுத்து, சொல், சின்ன பத்தி, கொஞ்சம் பெரிய கதைன்னு நாலு நிலை. நீங்களே ஒரு தாள்ல எழுதி படிக்க வைங்க. எங்க நிக்குதோ அதுக்கு ஒரு படி கீழ இருக்கற புத்தகத்த தனியா படிக்க குடுங்க, ஒரு படி மேல இருக்கறத நீங்க படிச்சுக் காட்டுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ போதும். பக்கத்து வீட்டுப் புள்ளையோட ஒப்பிடவே கூடாது, போன தடவ அதோட சொந்த நிலையோட ஒப்பிடுங்க.

படி 9: "எங்களுக்கே படிக்கத் தெரியாதே"

தெரியாட்டி பரவால்ல. படத்த பாத்து கதை சொல்லலாம், உங்க ஊர்க்கதை சொல்லலாம், புள்ளை படிக்கும்போது பக்கத்துல உக்காந்து "அப்புறம்?"னு கேக்கலாம். ஆயாவுக்கு படிச்சுக் காட்டுற புள்ளைக்கு நிஜமாவே கேக்கறதுக்கு ஒரு ஆள் கெடைச்சுடுது, டீச்சர்கிட்ட படிக்கிறது பரீட்சை, ஆயாகிட்ட படிக்கிறது கதை. தெருவுல ஆறாவது ஏழாவது படிக்கிற அக்காமாருங்கள புடிங்க, 2021-ல இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்கள் சாயங்காலத்துல திண்ணைலயும் கோயில் வாசல்லயும் உக்காந்து பண்ணது ஏறக்குறைய இதுதான்.

வீட்டுல தெலுங்கு, கன்னடம், உருது, சௌராஷ்டிரம் பேசுறீங்களா? அதுலயே கதை சொல்லுங்க, தமிழ் படிக்கறதுக்காக வீட்டு பாஷைய நிறுத்தாதீங்க. இங்கிலீஷ் மீடியம் பெற்றோருக்கும் அதேதான். அரைகுறை இங்கிலீஷ்ல "கம், ஈட், சிட்"னு பேசுறத விட நல்ல தமிழ்ல பத்து நிமிஷம் கதை பேசுறது அந்த இங்கிலீஷ் வாசிப்புக்குமே உதவும், ஏன்னா கதை எப்படி நகருது, அடுத்து என்ன நடக்கும்னு யோசிக்கிற பழக்கம் எந்த மொழில வந்தாலும் அடுத்த மொழிக்கும் கூடவே வரும்.

ஃபோன் பத்தி எல்லாரும் கேப்பாங்க. கூட உக்காந்து ஸ்டோரிவீவர்ல கதை படிச்சா அது புத்தகம் மாதிரிதான், கையில குடுத்துட்டு நீங்க வேலைக்குப் போயிட்டா அது டிவி.

படி 10: எப்ப டாக்டர்கிட்ட போகணும்

முதல்ல கண்ணும் காதும். போர்ட பாத்து எழுதறப்ப கண்ண சுருக்குதா, பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பலையான்னு பாருங்க, இது ரெண்டுமே சரியில்லாம "மந்தம்"னு பேர் வாங்குன புள்ளைங்க உண்டு. ரெண்டும் சரி, பேச்சும் புத்தியும் நல்லா இருக்கு, ஒழுங்கா சொல்லியும் குடுத்தாச்சு, ரெண்டாப்பு முடிஞ்சும் எழுத்துல தெனமும் புதுசா பாக்கற மாதிரி முழிக்குது, வீட்டுல வேற யாருக்காச்சும் சின்ன வயசுல இப்படி இருந்துச்சுன்னா, டிஸ்லெக்சியாவான்னு (புத்தி நல்லா இருந்தும் எழுத்த படிக்கறதுல மட்டும் வர்ற சிரமம்) பாத்துடறது நல்லது. சென்னைல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991-ல இருந்து இதுக்காகவே வேலை செய்யுது. போகும்போது சும்மா "படிக்க மாட்டேங்குறான்"னு சொல்லாம, புள்ளை சொந்தமா எழுதுன நோட்டு ரெண்டும் (போர்ட பாத்து எழுதுனது இல்ல), எந்தச் சொல்ல எப்படி தப்பா படிக்குதுன்னு ஒரு வாரம் குறிச்ச தாளும் எடுத்துட்டுப் போங்க, டீச்சரையும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்க.